சூட்டுக் கொப்புளம்

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு ஒரு தெரு உள்ளே போனால், பெரிய மளிகைக் கடை ஒன்றின் குடோன் வாசலில் அசரியாவைப் பார்க்கலாம். கழுத்தில் அடையாள அட்டை, காதில் பேனா, முகத்தில் எந்நேரமும் ஒரு சுளிப்பு. லாரியில் வரும் சரக்கைப் பிரித்துப் பார்த்து, உள்ளே விடுவதா திருப்பி அனுப்புவதா என்று சொல்வது அவர் வேலை. துவரம் பருப்பு மூட்டையில் மேலே நல்லதும் அடியில் புழுத்ததும் கட்டி அனுப்புகிறவர்கள் உண்டில்லையா, அவர்களுக்கெல்லாம் அசரியா என்றால் குலைநடுக்கம். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கும் பாக்கியவான் அவர்.

அந்தக் குணத்தைக் குடோனிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் கேன் வந்தால் சீலைத் திருகிப் பார்ப்பார். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சர்ச்சில் பாஸ்டர் ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னால் ஒரு கண்ணை மட்டும்தான் மூடுவார். வெளியே விட்ட செருப்பு என்ன ஆகுமோ என்ற கவலை!

அவருக்கு வாய்த்த மனைவி ஜான்சி, பாவம், யார் எது சொன்னாலும் நம்புகிறவள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறாள். நெமிலிச்சேரியில் மாடி போர்ஷன். கல்யாணம் ஆன வருஷமே உண்டானாள். தனியார் நர்சிங் ஹோமில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைகள் என்று ஏழெட்டு எழுதிக் கொடுத்தார். அசரியா அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"சுகர், ரத்த அளவு, இது ரெண்டும் போதும். மத்ததெல்லாம் காசு புடுங்கற வேலை. லேப்காரனுக்கும் இவங்களுக்கும் கமிஷன். எனக்குத் தெரியாதா?"

ஜான்சி நம்பினாள். ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே அசைவற்றுப்போய்ப் பிறந்தது. ஏன் என்று பார்க்க இன்னும் சில பரிசோதனைகள் செய்யலாம் என்றார்கள். "போனது போயிடுச்சு, இனிமே என்ன டெஸ்ட்டு?" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்புறம் காரணத்தை அவரே கண்டுபிடித்தார். இவள் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள், அதனால்தான். மணிக்கணக்கில் நின்று பாடினாள், அதனால்தான். ஜான்சி அதையும் நம்பி, ஒரு வருஷம் பாடாமல் வாயை மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் வருஷம் மறுபடி உண்டானாள். இந்தத் தடவை அவள் அவரிடம் கேட்கவில்லை. கடைக்குப் போகிற வழியில் இறங்கி, அரசு ஹெல்த் சென்டரில் பெயரைப் பதிந்துகொண்டாள். அங்கே வருகிற கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எல்லா ரத்தப் பரிசோதனையும் இலவசம். விரலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுத்தார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இன்னொரு முறை பார்த்தார்கள். அங்கே ஆலோசகர் சுபத்ரா அவளைத் தனியே உட்காரவைத்துப் பேசினார். அன்றைக்கே ஒரு ஊசியும் போட்டார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஜான்சி சொன்னாள்.

"என்னங்க, எனக்கு ரத்தத்துல ஒரு தொத்து இருக்காம். சிபிலிஸ்னு பேரு. மேகப்புண்ணு, மேகநோய்னு சொல்வாங்கல்ல, அது. எச்.ஐ.வி. எல்லாம் இல்லையாம். இது ஊசியில குணமாயிடுமாம். வாரம் ஒண்ணா மூணு ஊசி. விட்டா குழந்தைக்குப் போயிடுமாம். வயித்துலயே குழந்தை போறதுக்குக்கூட இது ஒரு காரணமாம். உங்களையும் டெஸ்ட்டுக்கு வரச் சொன்னாங்க."

அசரியா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "அது எப்படி வரும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "புருஷன் பொண்டாட்டி சேர்றதுலதான் வருமாம்."

"நீ எங்கிட்ட மறைக்கிறது ஏதாவது இருக்கா ஜான்சி?"

ஜான்சி நிமிர்ந்து பார்த்தாள். இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. வாய் திறந்து பதில் சொல்லவும் வரவில்லை. அசரியா அந்த மௌனத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே. அதற்கப்புறம் அந்த வீட்டில் எல்லாமே பேயாகிவிட்டது. அவள் குளிக்கப் போனால் இவர் போனை எடுத்துப் பார்த்தார். துணிக்கடை சூப்பர்வைசருக்கு என்ன வயது என்று கேட்டார். போன மழையில் யார் வண்டியில் வந்தாய் என்று கேட்டார். அவள் அழுதால் குற்ற உணர்ச்சி என்றார், அழாவிட்டால் நெஞ்சழுத்தம் என்றார். கடைசியில் எல்லா விரலும் ஒருவரை நோக்கி நீண்டன. பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற ஜெபசிங். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஜான்சி பாடும்போது அவர் தலையை ஆட்டுகிறாராம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடோனில் தலைவலி என்று சொல்லிவிட்டு, சர்ச் காம்பவுண்டுக்கு வெளியே நின்ற வேன் மறைவில் போய் நின்றார் அசரியா. அடையாளம் தெரியக்கூடாது என்று ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வைகாசி மாதப் புழுக்கம், உள்ளே வேர்வை ஊற்றுகிறது. ஜன்னல் வழியே பாட்டு கேட்கிறது. பாட்டு நிற்கும்போதெல்லாம் இவர் எட்டிப் பார்த்தார். ஹெல்மெட்டோடு ஓர் ஆள் சர்ச் ஜன்னலை எட்டி எட்டிப் பார்த்தால் யார் சும்மா இருப்பார்கள்? உள்ளேயிருந்து ஜெபசிங்கே எழுந்து வந்தார்.

"ஸ்தோத்திரம் பிரதர். யாருங்க அது? அட, கழுத்துல கார்டு தொங்குதே, நம்ம அசரியா பிரதரா! ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க, சிஸ்டர்ஸ் டீ போட்டிருக்காங்க. அந்த ஹெல்மெட்டக் கழட்டுங்க முதல்ல."

குழுவில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலுக்கு வந்து பார்த்தார்கள். ஜான்சியும் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிய அசரியாவின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் அவளுக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. அவமானத்தில் அவளுக்குக் காது மடலெல்லாம் சிவந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்து ஒரு பையில் துணிகளை அடுக்கினாள்.

"கூடுவாஞ்சேரிக்கு அம்மா வூட்டுக்குப் போறேன். ரெண்டாவது ஊசி போட்டாச்சு, மூணாவதையும் தவறாமப் போட்டுக்குவேன். நீங்க என்னைத் திட்டினதுக்காகப் போகல. நீங்க டெஸ்ட் எடுத்து, உங்களுக்கும் இருந்தா நீங்களும் ஊசி போட்டுக்கணும். இல்லைன்னா எனக்கு மறுபடியும் வரலாம்னு அந்த மேடம் சொன்னாங்க. அதுவரைக்கும் நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன். ஒரு புள்ளையப் பறிகொடுத்துட்டேன். இதையும் பறிகொடுக்க எனக்குத் தெம்பு இல்லைங்க."

"எனக்கு எதுக்குடி டெஸ்ட்டு? நான் என்ன ஊர் மேயறவனா?"

அவள் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

இரண்டு நாள் அசரியா வீறாப்பாகத்தான் இருந்தார். மூன்றாம் நாள் மூளையில் ஒரு மின்னல். ரத்தத்தைப் பரிசோதித்தால், நோய் எப்போது வந்தது என்று தேதி தெரிந்துவிடுமே! தன் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று நிரூபித்துவிட்டு, அவள் ரத்தத்தின் தேதியையும் வாங்கிவிட்டால், கையும் களவுமாகப் பிடித்த மாதிரி. இந்த எண்ணத்தோடு அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அறை வாசலில் 'நம்பிக்கை மையம்' என்று போர்டு. அந்தப் பெயரைப் பார்த்ததுமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சுபத்ரா நாற்காலியைக் காட்டினார். கதவைச் சாத்தினார். இங்கே பேசுவது வெளியே போகாது என்றார். அசரியா நேரே விஷயத்துக்கு வந்தார்.

"என் ஒய்ஃபுக்கு இது எந்தத் தேதியில வந்துச்சுன்னு சொல்லுங்க மேடம். யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாலும் சொல்லுங்க."

"ரத்தம் தேதி சொல்லாது சார். யாருன்னும் சொல்லாது. தொத்து இருக்கா இல்லையான்னுதான் காட்டும். இது வருஷக்கணக்குல வெளியே தெரியாம உள்ளயே இருக்கக்கூடிய நோய்."

"அப்போ என் ரத்தத்தை எடுங்க. எனக்கு இல்லைன்னா வேற யாரோன்னுதானே அர்த்தம்?"

சுபத்ரா ஒரு நோட்டைத் திறந்தார். "எடுப்போம். அதுக்கு முன்னாடி சில கேள்வி. எல்லாரையும் கேக்கறதுதான். அந்த இடத்துல எப்பவாவது புண்ணு, கட்டி மாதிரி வந்திருக்கா? வலி இல்லாம?"

"சேச்சே! அதெல்லாம் எனக்குக் கிடையாது மேடம். ஒரே ஒரு தடவ சூட்டுக் கொப்புளம் வந்துச்சு. அது எல்லாருக்கும் வர்றதுதானே."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதை! ஆனால் அசரியாவுக்கு அது உறைக்கவே இல்லை. உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே விஷயம் சூடு. நீர்க்கடுப்பா, சூடு. கண் எரிச்சலா, சூடு. குடோனில் மூட்டை தூக்குகிறவர்களில் யாருக்கு என்ன வந்தாலும் அவர் சொல்லும் வைத்தியமும் ஒன்றுதான். அதைச் சுபத்ராவுக்கும் உற்சாகமாகவே சொன்னார்.

"நல்லெண்ணெயில பூண்டு போட்டுக் காய்ச்சி, கால் கட்டை விரல்ல தடவணும் மேடம். கொஞ்ச நேரத்துல கழுவிடணும். வெறும் வயித்துல ஊற வெச்ச வெந்தயம். தொப்புள்ள விளக்கெண்ணெய். டாக்டர், மாத்திரை ஒண்ணும் இல்லாம, சில வாரத்துல சுத்தமா மறைஞ்சுபோச்சு. வலியே இல்ல தெரியுமா!"

"வலியே இல்லையா?"

"துளிகூட இல்ல."

"அது எப்ப சார்?"

"கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. வெயில் காலம்."

"அதுக்கு முன்னாடி யார்கூடயாவது உறவு இருந்துச்சா? ஒரு தடவையா இருந்தாலும் சொல்லுங்க. நான் தப்பு சரி பாக்க உக்காரல."

அசரியா பேனாவைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடி வைத்தார். கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் நண்பர்கள் பாண்டிச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். எல்லோரும் குடித்தார்கள். அவர்களில் ஒருவன் ஏற்பாடு செய்தான். அதை அவர் ஒரு கணக்காகவே வைத்துக்கொள்ளவில்லை. ஊர் மேய்வது என்றால் தினமும் போகிறவன், நாம் என்ன அப்படியா என்பது அவர் எண்ணம்.

"ஒரே தடவைதான் மேடம். அதுவும் அந்தப் பொண்ணு பாக்க நீட்டா, குடும்பப் பொண்ணு மாதிரி இருந்துச்சு. கோயிலுக்குப் போற மாதிரி பூ வெச்சுகினு. அதான் நான்… அது வந்து…"

"காண்டம் போடல."

"இல்ல."

ஆளைப் பார்த்து முடிவு செய்தாராம்! மூட்டையின் அடி வரைக்கும் கொட்டிப் பார்க்கிற மனுஷர், தன் உடம்பு விஷயத்தில் மேல்சாக்கைப் பார்த்து 'ஓகே' சொல்லியிருக்கிறார்.

"பாத்துத் தெரியாது சார்," என்றார் சுபத்ரா. "அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. அவங்களுக்கும் யாரோ ஒரு ஆம்பள குடுத்ததுதான். உங்களுக்கு வந்த புண்ணு எண்ணெயில ஆறல. இந்த நோய்ல அந்தப் புண்ணு எதுவும் செய்யாமயே தானா ஆறிடும். வலிக்காது. அதனாலதான் ஜனங்க சூடுன்னு விட்டுடறாங்க. புண்ணு மறைஞ்சுடும், நோய் உள்ள இருக்கும். அதுக்கப்புறம் உள்ளங்கையில, உள்ளங்கால்ல அரிப்பில்லாத செம்புள்ளி ஏதாவது வந்துச்சா?"

வந்தது. கல்யாண சமயத்தில். அட்டைப்பெட்டித் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, உள்ளங்கையை மூடியபடியே விருந்தாளிகளுக்குக் கைகொடுத்தது ஞாபகம் வந்தது. அசரியா தலையை மட்டும் ஆட்டினார்.

ரத்தம் எடுத்தார்கள். தொற்று இருந்தது. முடிவைச் சொல்லும்போது சுபத்ரா குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. ஊசி போட்டால் குணமாகும் என்றார். டாக்டர் சரி என்று சொல்லும் வரைக்கும் மனைவியோடு சேரக்கூடாது, அதற்கப்புறமும் கொஞ்ச காலம் காண்டம் வேண்டும், சொல்லும் நாளில் வந்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். அசரியா எதையும் மறுக்கவில்லை. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"மேடம், முதல் குழந்தை ஒண்ணு… ஏழு மாசத்துல தவறிடுச்சு. அதுவும் இதனாலயா?"

"இப்ப உறுதியாச் சொல்ல முடியாது சார். இருக்கலாம். அப்ப அவங்களுக்கு இந்த டெஸ்ட் எடுத்தாங்களா?"

டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததும், தான் வேண்டாம் என்று விலக்கியதும், நர்சிங் ஹோம் பெஞ்சில் ஜான்சி தலையாட்டியதும் ஒவ்வொன்றாக அசரியாவின் கண்ணில் வந்தன. லேப்காரனைச் சந்தேகப்பட்டார், டாக்டரம்மாவைச் சந்தேகப்பட்டார், பஸ்ஸைச் சந்தேகப்பட்டார், பாட்டைச் சந்தேகப்பட்டார். அந்த அறையிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சுபத்ரா தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார். சீல் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் குடித்தார்.

கூடுவாஞ்சேரிக்கு மின்சார ரயிலில் போனார். மாமியார் வீட்டில் ஜான்சி மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் எப்படி எப்படியோ சொல்ல ஒத்திகை பார்த்திருந்தார். நண்பர்கள் வற்புறுத்தினார்கள், குடித்திருந்தேன், அப்போது உன்னை எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்றெல்லாம். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் நிற்கவில்லை.

"எங்கிட்டேருந்துதான் ஜான்சி. கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு இருந்திருக்கு."

அவள் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்டினாள். அப்புறம் திரும்பினாள்.

"நம்ம புள்ளைக்கு அப்பவே அந்த டெஸ்ட் எடுத்திருந்தா?"

"ஊசி போட்டிருப்பாங்க."

"பொழச்சிருக்குமா?"

"தெரியல. பொழச்சிருக்கலாம்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நான் பாடினதாலன்னு சொன்னீங்களே," என்று மட்டும் சொன்னாள். "ஒரு வருஷம் நான் பாட்டே பாடலையே." இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. அசரியா மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்டார். "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம், முதல்ல ஊசி போட்டுக்குங்க," என்றாள்.

அவர் ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொரு வாரமும் அவளும் கூட வந்தாள். அவர் மேல் பரிவினால் என்று நினைக்காதீர்கள். நர்ஸ் போட்டு முடித்ததும் உள்ளே எட்டிப் பார்த்து, "போட்டாச்சா சிஸ்டர்?" என்று அவரிடம் கேட்காமல் நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இரும்புக் கம்பியைச் சொருகின மாதிரி வலி. நொண்டி நொண்டி வெளியே வந்தவருக்காக நிற்காமல் முன்னால் நடந்தாள். மாதங்கள் கழித்துத்தான் நெமிலிச்சேரிக்குத் திரும்பி வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் பாடப் போனாள். வயிறு பெரிதான பிறகும் நின்றுகொண்டேதான் பாடினாள். வாசலில் வண்டியோடு காத்திருக்கும் அசரியாவை ஜெபசிங் பார்த்துவிட்டால், "பிரதர், இன்னிக்கு ஹெல்மெட் இல்லையா?" என்று கூப்பிட்டுக் கேட்பார். அசரியா அதையும் வாங்கிக்கொண்டார்.

மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி அறுத்த கையோடு வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்துக்காக இரண்டு பேரும் எவ்வளவு நாளாகக் காத்திருந்தார்கள்! குழந்தை டாக்டர் தலை முதல் கால் வரை பார்த்தார், ரத்தமும் எடுத்துப் பார்த்தார். பிறகு இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொன்னார்.

"குழந்தை நல்லா இருக்கு. அம்மா சரியான நேரத்துல ஊசி போட்டுக்கிட்டாங்க, அதுதான் காப்பாத்தியிருக்கு. இப்போதைக்குக் கவலைப்பட ஒண்ணுமில்ல."

யார் சொல்லையும் ஒரு தடவையில் ஏற்றுக்கொள்ளாத அசரியா, இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "இது போதும் டாக்டர். நீங்க சொன்னதே போதும். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

"போதாது," என்றாள் ஜான்சி.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். ஜான்சி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா இருக்குன்னு நீங்க சொல்றீங்க. போன தடவையும் எல்லாரும் எனக்கு அப்படித்தான் சொன்னாங்க, நான் நம்பினேன். மறுபடியும் எப்ப பாக்கணும்னு சொல்லுங்க டாக்டர். அன்னிக்குக் குழந்தைக்கும் பாருங்க, எனக்கும் பாருங்க, இவருக்கும் பாருங்க. இவர் வாயால ஒண்ணுமில்லைன்னு சொன்னா எழுதிக்காதீங்க. ரத்தத்தை எடுத்துப் பாத்து எங்கிட்ட சொல்லுங்க."

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள். அசரியா சட்டைக் கையின் பட்டனைக் கழற்றி, முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.